தொட்டிக்கு ஏற்றபடிதான் கடல் மீன் வளருமா?

வேளச்சேரி உப்புத்தண்ணீர் | மார்ச் 4, இரவு 9:50

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

என் வீட்டில் மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கணக்குப்படி 190 லிட்டர். பாறையும் மணலும் போனால் 160 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் இரண்டு கோமாளி மீன்களும் நீல டாங் என்ற ஒரு மீனும் மூன்று ஆண்டுகளாக வாழ்கின்றன. டாங்கை வாங்கும்போது 5 செ.மீ. இருந்தது. இது பெரிதாக வளரும் மீன் என்று எங்கோ படித்த நினைவு வந்து கடையில் கேட்டேன். "தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும், கவலையே வேண்டாம்" என்றார்கள். நம்பி வாங்கினேன்.

இன்றைக்கு அது 11 செ.மீ. கண்ணாடியில் அளவுகோலை ஒட்டி வைத்து மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைத்திருக்கிறேன். கடைசி எட்டு மாதங்களாக ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. சின்னக் கோமாளி மீன் வந்த முதல் ஆண்டோடு 6.5 செ.மீ.யில் நின்றுவிட்டது. பெரியது 8 செ.மீ. இதையெல்லாம் பார்க்கும்போது கடைக்காரர் சொன்னது சரிதான் என்றே தோன்றுகிறது. ஆனால் போன வாரம் வீட்டுக்கு வந்த அலுவலக நண்பர் ஒருவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இந்த மீனை வதைத்துக்கொண்டிருக்கிறாய்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனது சரியில்லை.

உண்மை எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் | மார்ச் 4, இரவு 10:15

என் அனுபவமும் உங்களுடையதைப் போன்றதுதான். சின்னத் தொட்டியில் வைத்த தங்கமீன் சின்னதாகவே இருந்தது. அம்மா வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் விட்ட மீன்கள் கையளவு வளர்ந்தன. தொட்டிதான் காரணம் என்பது கண்கூடாகத் தெரிகிறதே.

பழைய தொட்டி | மார்ச் 5, காலை 6:20

வேளச்சேரித் தம்பி, மாதாமாதம் அளந்து எழுதி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கே முதலில் என் பாராட்டு. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கடல்மீன் வளர்க்கிறேன். அளந்து வைப்பவர்கள் மிகக் குறைவு.

உங்கள் எண்களை வைத்தே பேசுகிறேன். மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. உயரமும் தடிமனும் கூடவே வளர்கின்றன. அதனால் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். உங்கள் டாங் 5 செ.மீ.யிலிருந்து 11 செ.மீ. ஆனபோது அதன் எடை பத்து மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. அது தின்ன வேண்டிய இரை, மூச்சுக்கு வேண்டிய ஆக்ஸிஜன், வெளியேற்றும் கழிவு எல்லாமே கூடியிருக்கின்றன. தண்ணீர் மட்டும் அதே 160 லிட்டர்தான். நீங்கள் மூன்று மீன் வாங்கினீர்கள். உடலின் எடையைப் பார்த்தால் இன்றைக்குத் தொட்டியில் இருப்பது அந்த மூன்று மீன் அல்ல.

கடலில் நீல டாங் 30 செ.மீ. வரை வளரும். கண்ணாடிச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து உடம்பு தன் வளர்ச்சியை அளவாக நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் அதற்குள் இல்லை. இரை போதாமல் போனாலும், தண்ணீர் கெட்டாலும், ஓயாத பதற்றத்தில் இருந்தாலும் வளர்ச்சி நிற்கும். சின்னத் தொட்டியில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. அதைப் பார்த்துத்தான் தொட்டிக்கு ஏற்ற வளர்ச்சி என்கிறோம். மாடித்தோட்டம் நண்பர் சொல்லும் தங்கமீனுக்கும் இதே கதைதான். அம்மா வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் அதிகம். பாசியும் கொசுப்புழுவும் நாள் முழுக்கக் கிடைத்திருக்கும்.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். மீனைப் பக்கவாட்டில் பார்க்காமல் நேர் எதிரே நின்று பாருங்கள். கண்ணுக்கு மேலே, முதுகோரத்தில் சதை நிறைந்து இருக்கிறதா, ஒட்டி உள்வாங்கி இருக்கிறதா? உடம்பை ஒப்பிட்டால் கண் பெரிதாகத் தெரிகிறதா? முகத்தில் குழி குழியாக ஏதாவது உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை முறை, என்ன இரை? கோடையில் தண்ணீரின் வெப்பம் எவ்வளவு போகும்?

வேளச்சேரி உப்புத்தண்ணீர் | மார்ச் 5, இரவு 8:40

சார், வேலை முடிந்து வந்ததும் டார்ச் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து பார்த்தேன்.

நேர் எதிரே பார்த்தால் முதுகின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தியதைப் போல ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது இது தெரியவே இல்லை. கண் பெரிதாகத்தான் இருக்கிறது. அதை அழகு என்று நினைத்து அத்தனை படம் எடுத்திருக்கிறேன். கண்ணைச் சுற்றி ஊசி முனை அளவில் ஏழெட்டுக் குழிகள் இருக்கின்றன. குழி இருக்கும் இடத்தில் நீலம் வெளுத்திருக்கிறது.

இரை இரவு ஒருவேளை மட்டும், குருணை உணவு. கடற்பாசி கொடுத்ததே இல்லை. வடிகட்டியில் கரி போட்டிருக்கிறேன். போன மே மாதத்தில் தண்ணீர் 31 டிகிரி வரை போனது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகும், திரும்பும், மறுபடி போகும். சுறுசுறுப்பாக இருக்கிறது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று ஒரு நிமிடத்துக்கு எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு முறை திரும்பியது.

பரங்கிப்பேட்டை மாணவி | மார்ச் 6, காலை 11:05

கடல் உயிரியல் படிக்கிறேன். இந்த இழையில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன்.

முதலில் டாங். இது சர்ஜன் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. மீனின் காதுக்குள் செவிக்கல் என்ற சிறு சுண்ணாம்புக் கல் உண்டு. மரத்தில் வளையம் விழுவதுபோல அதில் ஆண்டு வளையங்கள் விழும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் பல சர்ஜன் மீன் இனங்களின் செவிக்கற்களை அறுத்து எண்ணிப் பார்த்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. அந்த மீன்கள் 30 முதல் 45 ஆண்டுகள் வரை வாழ்கின்றன என்று அதில் தெரிந்தது. இன்னொரு முடிவுதான் நம் பேச்சுக்கு வேண்டியது. அந்த நீண்ட ஆயுளில், நீளத்தின் பெரும்பகுதியை முதல் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே அவை எட்டிவிடுகின்றன. அதன் பிறகு பல பத்து ஆண்டுகள் வளர்ச்சி அநேகமாக இல்லை.

"சின்னக் குஞ்சுதானே, மெல்ல வளரும், பிறகு பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கடையில் 5 செ.மீ.யில் வாங்கும் மீன் தன் வாழ்க்கையின் மிக வேகமான வளர்ச்சிக் காலத்தில் இருக்கிறது. பெரிய தொட்டி, நிறைய இரை எல்லாம் அதற்கு அந்த ஆண்டுகளில்தான் மிக அவசியம். நாம் அந்த ஆண்டுகளைத்தான் மூன்றடித் தொட்டியில் கழிக்க வைக்கிறோம்.

அடுத்தது கோமாளி மீன். சின்னது 6.5 செ.மீ.யில் நின்றதற்கும் தொட்டிக்கும் தொடர்பே இல்லை. உங்கள் பெரிய மீன் 8 செ.மீ. அதில் 80 விழுக்காடு 6.4. உங்கள் சின்ன மீன் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது.

பாப்புவா நியூ கினியில் மடாங் என்ற இடத்தில், கடல் சாமந்திகளில் (பூப்போல விரிந்திருக்கும், கொட்டும் விழுதுகள் கொண்ட கடல் உயிரிகள்) வாழும் கோமாளி மீன்களை நீருக்கடியில் அளந்து செய்த ஆய்வு 2003இல் நேச்சர் இதழில் வந்தது. ஒரு சாமந்தியில் ஒரு சிறு கூட்டம் இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. ஒவ்வொரு மீனும் தனக்கு மேலே உள்ளதைவிடக் குறிப்பிட்ட அளவு சிறியதாகவே, அதாவது அதன் நீளத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடாகவே இருக்கும்படி தன் வளர்ச்சியை அடக்கிக்கொள்கிறது. மேலே இருப்பதை நெருங்கும் அளவுக்கு வளர்ந்தால் அது போட்டியாகிவிடும், விரட்டப்படும். சாமந்தியை விட்டு விரட்டப்பட்ட கோமாளி மீன் அதிக நேரம் உயிரோடு இருக்காது. மேலே உள்ளதை எடுத்துவிட்டால் கீழே உள்ளது மறுபடி வளரத் தொடங்குகிறது.

நிற்பது மட்டும் இல்லை, இவை சுருங்கவும் செய்கின்றன. 2023இல் கடல் வெப்ப அலை வந்தபோது, அதே நாட்டின் கிம்பே விரிகுடாவில் 134 கோமாளி மீன்களை மாதாமாதம் அளந்தார்கள். அவற்றில் 100 மீன்களின் நீளம் குறைந்திருந்தது. எலும்புள்ள உயிர் நீளத்தில் குறைவது என்பது சாதாரணச் செய்தி இல்லை. முதலில் படித்தபோது நம்ப முடியாமல் அட்டவணையை இரண்டு முறை சரிபார்த்தேன். சுருங்கிய மீன்கள்தான் அதிகம் உயிர் பிழைத்தன.

மாடித்தோட்டம் | மார்ச் 6, மதியம் 1:30

மாணவி சொல்வதைப் பார்த்தால் மீனுக்குத் தன் வளர்ச்சியை நிறுத்த முடியும் என்றுதானே ஆகிறது? அப்படியானால் டாங் மட்டும் ஏன் முடியாது? கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லையே.

பரங்கிப்பேட்டை மாணவி | மார்ச் 6, மாலை 4:10

நியாயமான கேள்வி. கோமாளி மீன் பார்ப்பது கண்ணாடியை அல்ல, பக்கத்தில் இருக்கும் மூத்த மீனை. இருநூறு லிட்டர் தொட்டியிலும் இரண்டாயிரம் லிட்டர் தொட்டியிலும் அது அந்த வரிசையில்தான் நிற்கும். அடக்கி வளரும் மீன் மெலிந்து போவதில்லை, முதுகு ஒட்டுவதில்லை, முகத்தில் குழி விழுவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே சாமந்தியில் நெருங்கி வாழ்ந்து வந்த பழக்கம் அது. டாங்குக்கு அப்படி ஒரு வரலாறு இல்லை. பவளத்திட்டின் மேல் மேய்ந்துகொண்டே போகிற மீன் அது. அதன் வளர்ச்சி நின்றால் உடம்பில் எதற்கோ வழியில்லாமல் நின்றிருக்கிறது என்று பொருள். வேளச்சேரி நண்பர் டார்ச் வைத்துப் பார்த்துச் சொன்ன அடையாளங்கள் அதைத்தான் காட்டுகின்றன.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது வந்து எழுதுவார்கள். "வெளியுடம்பு நின்றுவிடும், உள்ளுறுப்புகள் மட்டும் வளர்ந்து மீன் வெடித்துச் செத்துவிடும்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. தொட்டி சின்னதாக இருப்பதால் வரும் கேடுகள் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன. அவற்றைச் சொன்னாலே போதும்.

நங்கநல்லூர் பவளம் | மார்ச் 6, இரவு 9:00

அந்த மூத்த மீன் விஷயத்துக்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

என்னிடம் ஒரு கோமாளி ஜோடி இருந்தது. சின்னது நான்கு ஆண்டுகள் 5 செ.மீ.யிலேயே இருந்தது. ஒரு நாள் காலை பெரியது தரையில் காய்ந்து கிடந்தது. மூடியில் ஒயர் போகும் இடைவெளி வழியாகக் குதித்திருக்கிறது. தனியாக நின்ற சின்னது அடுத்த மாதத்திலிருந்து தின்கிற வேகமே மாறிவிட்டது. ஓராண்டுக்குள் 7 செ.மீ.யைத் தாண்டியது. புதிதாக ஒரு குட்டியை வாங்கி விட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்துப் பாறையில் முட்டைகள் இருந்தன. முட்டையிட்டது அந்தப் பழைய சின்ன மீன்தான். ஆணாக இருந்த மீன் பெண்ணாகிவிட்டது. தொட்டி அதேதான், இரை அதேதான், ஒரு மாற்றமும் நான் செய்யவில்லை.

கொளத்தூர் கடை | மார்ச் 7, காலை 7:30

நான் கொளத்தூரில் கடை வைத்திருக்கிறேன். இந்த இழையை நேற்று இரவு முழுதும் படித்தேன். "தொட்டிக்கு ஏற்றபடி வளரும்" என்ற வாக்கியத்தை நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். என் முதலாளி எனக்குச் சொன்னார், நான் வாடிக்கையாளருக்குச் சொன்னேன். ஏமாற்ற வேண்டும் என்று சொன்னதில்லை. நம்பித்தான் சொன்னேன்.

மாற்றியது ஒரு களவா. வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு, குட்டியாக இருக்கும்போது தலையைக் கீழே தொங்கவிட்டு நாட்டியம் ஆடுவதுபோல நீந்துமே, அந்த இனம். 7 செ.மீ. குட்டியை நாலடித் தொட்டி வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு விற்றேன். அது 70 செ.மீ. வரை வளரும் மீன். நான்கு ஆண்டுகள் கழித்து அந்த வீட்டு அம்மா பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் அதைக் கொண்டுவந்தார். நாற்பது செ.மீ. இருந்தது. நாலடித் தொட்டியில் திரும்புவதற்கே உடம்பை வளைத்து வளைத்து, முதுகெலும்பு ஒரு பக்கம் கோணியிருந்தது. "தம்பி, வளராது என்றீர்களே" என்று மட்டும்தான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என்னிடமும் அதை வைக்கத் தொட்டி இல்லை. ஐந்து வாரம் இருந்து செத்தது.

அதற்குப் பிறகு கடையில் ஒவ்வொரு தொட்டியிலும் மீனின் விலைக்குப் பக்கத்தில் அது எவ்வளவு வளரும் என்பதையும் செ.மீ.யில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது உண்மை. புள்ளிக் கிளாத்தி 50 செ.மீ., எம்பரர் ஏஞ்சல் 40 செ.மீ. என்று எழுதியதைப் பார்த்ததும் பாதிப் பேர் கோமாளி மீன் பக்கம் போய்விடுகிறார்கள். போகட்டும்.

வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். கடையில் இருப்பவை எல்லாமே குட்டிகள்தான். பெரிய மீனை அனுப்புவதற்குத் தண்ணீரும் விமானச் செலவும் அதிகம் என்பதால் குட்டிகளாகவே வருகின்றன.

மண்டபம் முக்குளிப்பு | மார்ச் 7, இரவு 7:15

எனக்குத் தொட்டி கிடையாது. மன்னார் வளைகுடாவில் இருபது ஆண்டுகளாக முக்குளிக்கிறேன். மாணவி சொன்ன அந்த வரிசையை இங்கேயும் பார்க்கலாம். எங்கள் பக்கத்துச் சாமந்தியில் இருப்பது கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட செபே என்ற கோமாளி மீன் இனம். கையை நீட்டினால் பெரியது முன்னால் வந்து விரலைக் கொத்தும், அடுத்தது அதற்குப் பின்னால் நிற்கும், குஞ்சுகள் சாமந்தியின் ஓரத்தை விட்டு வராது. யார் பெரியவர் என்பதில் அங்கே குழப்பமே இல்லை.

இந்த இனக் குஞ்சுகளைக் கடலிலிருந்து பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டன. தொட்டியில் பிறந்த மீனை வாங்குங்கள். பாறைக்காகப் பவளத்தை மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். இங்கே உயிருள்ளதோ செத்ததோ, பவளத்தை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வேளச்சேரி உப்புத்தண்ணீர் | மார்ச் 8, காலை 10:20

எல்லோருக்கும் நன்றி. மூன்று இரவுகளாகத் தூக்கம் குறைந்துவிட்டது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி செய்ய விலை கேட்டிருக்கிறேன். கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்று இருக்கிறேன். வீடு வாடகை வீடு, மூன்றாவது மாடி. அதில் ஏதாவது சிக்கல் உண்டா?

தூணும் உத்திரமும் | மார்ச் 8, மதியம் 12:45

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

நீங்கள் சொல்லும் தொட்டி 24 கன அடி, அதாவது 680 லிட்டர். கடல்நீர் நன்னீரைவிடக் கனம் என்பதால் தண்ணீர் மட்டுமே 700 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் இன்னும் 120 கிலோ. பாறை, மணல், இரும்புத் தாங்கி, கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். இவ்வளவும் உட்காருவது 12 சதுர அடியில், ஏறக்குறைய 1.1 சதுர மீட்டரில். வீட்டு அறைகளுக்கு இந்தியத் தர நெறி ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான்.

அறை முழுதும் அந்தப் பாரம் இல்லாததால் வைத்த உடனே தளம் இடிந்துவிடாது. ஆனால் அறை நடுவில் வைப்பதற்கும், கீழே உத்திரம் ஓடும் சுவரோரமாக வைப்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. கட்டட வரைபடம் வேண்டும், வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும், நேரில் ஒரு பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். கீழ்வீட்டில் இருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைக் கரை | மார்ச் 8, மாலை 6:00

தம்பி, கடன் வாங்கித் தொட்டி கட்டுவதைவிட மீனை நல்ல இடத்துக்குக் கொடுப்பது மேல் என்பது என் எண்ணம். கொடுப்பது தோல்வி ஆகாது.

எங்கள் கடலில் வெளிர்நீலத்தில் மஞ்சள் முதுகுத் துடுப்பு கொண்ட ஒரு சர்ஜன் மீன் உண்டு. நீருக்குள் இறங்கினால் பத்து, இருபது சேர்ந்து பாறையை மேய்ந்துகொண்டே போகும். ஓரிடத்தில் இரண்டு கொத்து, அடுத்த பாறையில் இரண்டு கொத்து. நாள் முழுக்க இதுதான் வேலை. கூடவே நீந்திப் பின்தொடரப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. அந்தக் குடும்பத்து மீனுக்கு இரவில் ஒருவேளைக் குருணை என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கோபத்தில் சொல்லவில்லை, தம்பிக்குத் தெரியாது என்பது புரிகிறது. நாளைக் காலையிலேயே பாசித் தாளைக் கண்ணாடியில் கிளிப் போட்டு மாட்டிவிடுங்கள். சுஷி சுற்றும் உப்பில்லாத பாசித் தாளே போதும்.

இன்னொன்று, வைக்க இடமில்லை என்று கடலில் மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. புளோரிடாப் பக்கம் 1985இல் முதலில் தென்பட்ட சிங்கமீன் இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவிவிட்டது. தொட்டிகளிலிருந்து வெளியே போன மீன் என்றுதான் அதைச் சொல்கிறார்கள்.

பழைய தொட்டி | மார்ச் 8, இரவு 8:30

அக்கா சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். என்னிடம் எட்டடித் தொட்டி இருக்கிறது. தரைத்தளம், சில்லர் உண்டு, ஒரு மஞ்சள் டாங் மட்டுமே அந்தக் குடும்பத்தில். இடம் இருக்கிறது. மீனை என்னிடம் கொடுங்கள். உங்களுக்கு வசதி வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதுவரை வாரா வாரம் வந்து பாருங்கள்.

அதுவரை செய்ய வேண்டியவை: கரியை எடுத்துவிடுங்கள். சர்ஜன் மீனின் முகத்துக் குழிகளுக்குத் தூள் உதிரும் கரி காரணமாகலாம் என்று 2011இல் வந்த ஆய்வு காட்டியது. பாசித் தாள் காலையிலும் மாலையிலும். இரவில் மின்சாரம் போனால் பேட்டரிக் காற்று மோட்டார் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கடல்நீரில் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்ஸிஜன் கரையும், சூடேறினால் இன்னும் குறையும். உங்கள் தொட்டியில் 31 டிகிரியில், மின்சாரம் இல்லாத இரவில் முதலில் மூச்சுத் திணறப்போவது அந்த டாங்தான்.

பிடிக்கும்போது வலை வேண்டாம். வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி ஒரு முள் மடங்கியிருக்கும். அது வலையில் சிக்கினால் மீன் தன்னையே கிழித்துக்கொள்ளும், உங்கள் கையையும் கிழிக்கும்.

வேளச்சேரி உப்புத்தண்ணீர் | மார்ச் 16, இரவு 10:10

இன்று கொண்டுபோய் விட்டேன்.

பிடிக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. பாறை இடுக்கில் போய் முள்ளை விரித்துத் தன்னை இறுக்கிக்கொண்டது. பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசிப் பாறையை எடுத்ததும் ஓரமாகப் போய் நின்றது. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்துப் பிடித்தேன், தானாக உள்ளே வந்தது. அப்போது உடம்பில் நீலம் முழுதும் போய்ச் சாம்பல் நிறமாக இருந்தது.

சார் வீட்டில் ஒரு மணி நேரம் சொட்டுக் குழாய் வைத்துத் தண்ணீர் பழக்கிவிட்டு, முதலில் தனித் தொட்டியில் விட்டார். நான்கு வாரம் அங்கே இருந்த பிறகுதான் பெரிய தொட்டியாம். திரும்பும்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் காலையில் நான் விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணாடிக்கு வருவது அதுதான்.

பழைய தொட்டி | ஏப்ரல் 19, காலை 7:00

நேற்று பெரிய தொட்டிக்கு மாற்றினேன். முதல் அரை மணி நேரம் எட்டடியில் மூன்றடியை மட்டுமே பயன்படுத்தியது. இடது ஓரத்திலிருந்து மூன்றடி வரை வரும், கண்ணாடி இல்லாத இடத்தில் திரும்பிவிடும். நான் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் டாங் வந்து இரண்டு முறை வாலைக் காட்டி மிரட்டிய பிறகு வழி மாறி மறு ஓரம் வரை போனது. அதன் பிறகு அந்தக் கோட்டில் திரும்பவில்லை.

வேளச்சேரி உப்புத்தண்ணீர் | அக்டோபர் 26, மாலை 5:45

ஞாயிறுதோறும் போய் அளக்கிறேன். ஜூன் வரை நீளம் 11லேயே நின்றது, ஆனால் முதுகில் சதை வைத்தது. ஜூலையில் 11.5. இன்று 13.5 செ.மீ. கண்ணைச் சுற்றி இருந்த குழிகளில் மூன்று மூடிவிட்டன. மற்றவை ஆழம் குறைந்திருக்கின்றன, அந்த இடங்களில் நிறம் திரும்பவில்லை. திரும்பாமலே போகலாம் என்கிறார் சார்.

என் மூன்றடித் தொட்டியில் இப்போது கோமாளி ஜோடியும் ஒரு நெருப்பு கோபியும் மட்டும் இருக்கின்றன. பெரிய கோமாளி 8, சின்னது 6.5, அதே அளவு. இரண்டு பாங்காய் கார்டினல் சேர்க்கலாமா என்று கொளத்தூர்க் கடை நண்பரிடம் கேட்டிருக்கிறேன். அவர் கடைச் சீட்டில் 8 செ.மீ. என்று போட்டிருக்கிறது, தொட்டியில் பிறந்த குஞ்சுகள் அடுத்த வாரம் வருமாம். டாங்கைத் திரும்பக் கேட்கும் எண்ணம் இப்போது இல்லை சார். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். பாசித் தாள் தீர்ந்துவிட்டது என்றீர்களே, வாங்கி வருகிறேன்.